தண்ணீர் பழுக்கும் வரை

தொட்டிக்குள் விட்ட ரப்பர் குழாயை உறிஞ்சியதில் வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. கடல் தண்ணீர் காசிமாயனின் வாய் நிறைய வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் கட்டில் பக்கத்திலிருந்து தங்கப்பொண்ணு கூப்பிட்டாள்.

“மச்சான், இங்கிட்டு வாங்க.”

வாயைத் திறக்க முடியவில்லை. குழாயின் முனையை வாளிக்குள் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினான். கொப்பளிக்கக்கூட நிற்காமல் திரும்பி வந்தான். ஜெயக்கொடி கண்ணை மூடிக் கிடந்தாள். கழுத்துக் குழி மட்டும் உள்ளே இழுத்து இழுத்து விட்டது. தலையணையில் காப்பிக் கறை.

“ரெண்டு கரண்டிதான் ஊத்துனேன். அப்பிடியே கடவாய் வழியா வந்துருச்சு,” என்றாள் தங்கப்பொண்ணு. அக்காளின் வாயை முந்தானையால் துடைத்தாள். “நேத்து இம்புட்டு இல்ல மச்சான். டாக்டரக் கூட்டியாங்க.”

பின்னால் வாளி நிறைந்து தண்ணீர் தரையில் வழிகிற சத்தம் கேட்டது. காசிமாயன் திரும்பிப் பார்த்தான். தங்கப்பொண்ணுவும் பார்த்தாள். அக்காளைப் பார்த்துக்கொள்ளவென்று எழுமலையில் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தவள் அவள். மீன் ஒன்றுகூட இல்லாத ஒரு கண்ணாடித் தொட்டியோடு இந்த மனுஷன் காலையும் மாலையும் மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பார்த்து, சொல்ல வேண்டியதையெல்லாம் முன்னாடியே சொல்லி முடித்திருந்தாள்.

அவன் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனான்.

தெருமுனை டாக்டர் வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். வலிக்கு ஓர் ஊசி போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது காசிமாயனின் தோளைத் தொட்டு, “ஊருக்குச் சொல்லி விட்டுருங்க,” என்று மட்டும் சொன்னார்.

ஆரப்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே ஜெயக்கொடி டீச்சர்தான். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. பிள்ளை இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் மீன் வளர்த்தாள். தங்க மீன், கறுப்பு மீன், வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு போகிற மீன். மீன் செத்தால் சாதாரணமாகத் தூக்கிப் போடமாட்டாள். ஏன் செத்தது, தண்ணீரா, தீனியா, சூடா என்று யோசிப்பாள். கீழமாரட் வீதியில் கலர் மீன் கடை வைத்திருந்த சீனி முகம்மதுவிடம் போய்க் கேட்டு வருவாள். அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை இருந்தது. கடல் மீன் வளர்க்க வேண்டும். “மதுரையில கடல் மீனா? கடலுக்கு எங்க போவ?” என்று காசிமாயன் சிரிப்பான். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள்.

அந்த வைகாசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் காசிமாயனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “ஆடியத் தாண்டுனா அதிசயம். வீட்டுல வச்சு, கேட்டதச் செஞ்சு குடுங்க,” என்றார். அவன் அதை ஜெயக்கொடியிடம் சொல்லவில்லை. கட்டி இருந்தது, எடுத்தாச்சு, தேறிவிடும் என்றான். அவள் நம்பினாளா என்று தெரியாது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு, “லீவு எப்பிடியும் ரெண்டு மூணு மாசம் போட்டுத்தான் ஆகணும். அந்தக் கடல் மீன் தொட்டியப் போட்ருவமா?” என்றாள்.

கேட்டதைச் செய்து கொடுக்க வேண்டும். காசிமாயன் மறுநாளே கீழமாரட் வீதிக்குப் போனான்.

சீனி பாய் கீழக்கரைக்காரர். கடல் மீன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. “தொட்டி கெடக்கட்டும்ணே. இரும்புச் சட்டம் இல்லாம முழுக் கண்ணாடியா ஒட்டி வாங்கிக்கிரலாம். பில்ட்டருதான் முக்கியம். அத மொதல்ல முடிவு பண்ணுங்க,” என்று இரண்டு சாமான்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று, கண்ணாடி மாதிரி இருந்த சின்ன பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நைலான் பஞ்சும் கரித்துண்டுகளும். இன்னொன்று, சல்லடைக்கண் போட்ட ஒரு தட்டையான பலகை, மூலையில் ஒரு குழாயோடு.

“நல்ல தண்ணி மீனுக்கு எதப் போட்டாலும் ஓடிரும். கடல் மீனு அப்பிடி இல்ல. அது கழிக்கிறதே அதுக்கு வெசம். கடல்னா அலை அடிச்சுக் கொண்டு போயிரும். தொட்டிக்குள்ள எங்க போகும்? இந்தப் பெட்டி இருக்கே, இதத் தொட்டிக்கு வெளிய மாட்டணும். அழுக்கப் பஞ்சு புடிக்கும், நாத்தத்தக் கரி இழுத்துக்கிரும். இன்னைக்கு மாட்டுனா ரெண்டொரு நாள்ல மீன் விட்டுறலாம். ஆனா வெசம் முழுசாப் போகாது. மீனு கொஞ்ச நாளைக்கு ஓடும், அம்புட்டுத்தான்.”

“இது?”

“இத அடியில போட்டு மேல சிப்பி மணலு போடணும். காத்து மிசினு ஓட ஓடத் தண்ணி மணலு வழியாக் கீழ எறங்கி, இந்தக் குழா வழியா மேல வரும். மணல்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒண்ணு புடிக்கும்ணே. அது மீனோட அழுக்கயெல்லாம் தின்னுரும். ஒருக்காப் புடிச்சிருச்சுன்னா வருசக்கணக்குல கவலையில்ல. என்ன, அது புடிக்க ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் வெறுந்தண்ணிதான். மீன் விடக் கூடாது. தண்ணி பழுக்கணும்.”

“பழுக்கணுமா?”

“நாங்க அப்பிடித்தான் சொல்றது.” பாய் சிரித்தார். “டீச்சருக்கு இதுதான் சரி. அவுகளுக்குப் பொறும உண்டு. அவசரம் ஒண்ணும் இல்லையில்ல?”

காசிமாயன் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். கடையில் சுற்றிலும் தொட்டிகளில் மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. “ரெண்டையும் குடுங்க பாய். வீட்டுல காட்டிட்டு வாரேன்,” என்றான்.

ஜெயக்கொடி அப்போது எழுந்து உட்காரக்கூடிய நிலையில்தான் இருந்தாள். இரண்டையும் மடியில் வாங்கி வைத்து, பெட்டியைத் திறந்து பஞ்சைப் பிதுக்கிப் பார்த்தாள். பலகையின் கண்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாய் சொன்னதையெல்லாம் அவன் ஒப்பித்தான். ஒரு மாசம் ஒன்றரை மாசம் என்கிற இடத்தில் குரல் தாழ்ந்தது அவனுக்கே தெரிந்தது.

“நீங்க எதச் சொல்றீக?” என்றாள்.

“இந்தப் பெட்டிதான் நல்லாருக்கும்னு தோணுது. சட்டுன்னு மீன விட்டுறலாம்ல.”

ஜெயக்கொடி அவனையே பார்த்தாள்.

காசிமாயன் புதுஜெயில் ரோட்டில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கிற பட்டறை வைத்திருந்தவன். லாரிக்காரர்கள் லோடு நிற்கிறது என்று தலைகீழாக நின்றாலும், அச்சில் டயர் வேகவேண்டிய நேரம் வெந்தாலொழியக் கழற்ற மாட்டான். “வேகாத ரப்பர் வழியில உரிஞ்சுரும்யா. டீயக் குடிச்சிட்டு வா,” என்பான். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்களும் உண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சட்டென்று என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டிருக்க நியாயமில்லை.

அவள் பார்த்த பார்வையில், தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது காசிமாயனுக்குப் புரிந்தது. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. “இல்ல, ஒனக்கு எது புடிக்குதோ...” என்று இழுத்தான்.

“பெட்டி வச்சா மீனு மூச்சு முட்டிச் செத்துரும்ங்க,” என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நான் பாக்கணும்ங்கிறதுக்காக அது சாகணுமா? மணலுக்கு அடியில வைக்கிறதையே வைங்க. பழுக்கிறப்பப் பழுக்கட்டும்.”

பெட்டியை மூடி அவன் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார் என்று ஒருநாளும் அவனிடம் கேட்கவில்லை.

மண்டபத்திலிருந்து நெல்பேட்டை மார்க்கெட்டுக்கு மீன் லோடு கொண்டுவரும் முத்திருளன், காசிமாயனிடம் டயர் போடுகிறவன். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீர் வந்து இறங்கியது. “அண்ணே, எல்லாரும் எங்கிட்ட மீனக் கேப்பாக. நீங்க என்னடான்னா தண்ணியக் கேக்குறீக,” என்று கேலி பேசிக்கொண்டே இறக்கியவன், கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். காசிமாயன் சிப்பி மணலை வாசல் குழாயடியில் உட்கார்ந்து கை சிவக்கச் சிவக்கக் கழுவினான். பலகையைப் போட்டு, மணலைப் பரப்பி, வேட்டித் துணியில் வடிகட்டித் தண்ணீர் ஊற்றினான். மிசினைப் போட்டதும் குழாய் வழியாகக் குமிழ் குமிழாகத் தண்ணீர் மேலே வந்தது. ஜெயக்கொடியின் கட்டிலை அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றி, தொட்டிக்கு நேர் எதிரே போட்டான்.

பூச்சி பிடிக்க ஏதாவது அழுக வேண்டுமாம். ஒரு உரித்த இறாலைத் துணியில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டார்கள். தண்ணீர் பால் மாதிரிக் கலங்கியது. நாற்றம் அடித்தது. “சீக்காளி கெடக்கிற வீட்டுல இது என்ன கொடும மச்சான்? அவ கஞ்சிய வாந்தி எடுக்கிறது இந்த நாத்தத்துலதான்,” என்று தங்கப்பொண்ணு சண்டைக்கு வந்தாள். ஜெயக்கொடிதான், “கெடக்கட்டும்டி. உள்ள வேல நடக்குது,” என்றாள். பார்க்க வந்தவர்களெல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். “வருது, வருது,” என்பாள்.

அது மழை பொய்த்த வருஷம். பகலில் மணிக்கணக்காகக் கரண்ட் இருக்காது. மிசின் நின்றால் மணலில் பிடித்த பூச்சி மூச்சடைத்துச் செத்துவிடும் என்று பாய் பயமுறுத்தியிருந்தார். காசிமாயன் பட்டறையிலிருந்து லாரி டியூப் ஒன்றைக் கொண்டுவந்து காற்றடித்து வைத்தான். கரண்ட் போனதும் டியூபின் வாயில் மெல்லிய குழாயைச் செருகி, திருகைக் கொஞ்சமாகத் திறந்துவிடுவான். காற்று கசிந்து கசிந்து தொட்டிக்குள் குமிழ் விடும். ஜெயக்கொடிக்கு வலி ஏறுகிற நேரங்களில் அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. ஊசிக்கு நேரம் வரும்வரை காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டியூபில் காற்று குறைந்தால் எழுந்து போய் அடிப்பான். அதையாவது அடிக்க முடிந்தது.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாயிடம் கொடுப்பான். அவர் சிங்கப்பூரிலிருந்து வந்த மருந்தை அதில் சொட்டு விடுவார். பச்சையாக மாறினால் விஷம். மஞ்சளாகவே இருந்தால் மீன் விடலாம். ஒவ்வொரு தடவையும் பச்சைதான். “எப்பிடி இருந்துச்சு?” என்று வந்ததும் கேட்பாள் ஜெயக்கொடி. “போன தடவைக்குப் பச்ச கொறஞ்சிருக்கு,” என்பான். அது பாதி நிஜம்.

அன்று தெருமுனை டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு காசிமாயன் பக்கத்து வீட்டு ஆளை எழுமலைக்கு அனுப்பினான். திரும்பிக் கூடத்துக்கு வந்து நின்றான். ஊசி வேலை செய்து ஜெயக்கொடியின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்திருந்தது. தொட்டித் தண்ணீர் இப்போதெல்லாம் கலங்கலில்லை. வெறும் மணலும், குமிழும், அந்தப் பக்கத்துச் சுவரும் சுத்தமாகத் தெரிந்தன. அவள் இத்தனை நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்தான்.

“இப்ப எங்க மச்சான் கெளம்புறீக?” தங்கப்பொண்ணு எழுந்துவிட்டாள்.

“இந்தா வந்துர்றேன்.”

“அவள இப்பிடிப் போட்டுட்டா?”

“வந்துர்றேன் தங்கம்.”

சைக்கிளை மிதித்துக் கீழமாரட் வீதிக்குப் போனபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாய் மருந்தை விட்டார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை. வெளிறிய பச்சைதான், ஆனாலும் பச்சை.

“இன்னும் ஒரு வாரம் பத்து நாளு போகட்டும்ணே. நல்லா வந்துக்கிட்டிருக்கு.”

காசிமாயன் கடையின் மூலையைக் காட்டினான். முத்திருளன் லாரியில் முந்தாநாள் வந்து இறங்கிய கடல் மீன் அங்கே ஒரு தொட்டியில் இருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். டீச்சருக்கென்றே பாய் சொல்லி வரவழைத்தது. “அதக் குடுங்க பாய்.”

“இப்ப விட்டீகன்னா நாளைக்கித் தாங்காதுண்ணே.”

“நாளைக்கி வரைக்கும் இருந்தாப் போதும்.”

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். வலையை எடுத்து மீனைப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் அதன் தண்ணீரோடு விட்டு, காற்றை நிரப்பி ரப்பர் பாண்டு போட்டார். கையில் கொடுக்கும்போது, “பை வெயில் படாமக் கொண்டு போங்க,” என்றார்.

ஒரு கையில் பையைத் துண்டால் போர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. ஜெயக்கொடி முழித்திருந்தாள். தங்கப்பொண்ணு அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“ஜெயா, இங்க பாரு.”

ஜன்னல் வெளிச்சத்தில் பையைத் தூக்கிப் பிடித்தான். மீன் ஒரு சுற்றுச் சுற்றி அவள் பக்கமாகத் திரும்பி நின்றது. பைத் தண்ணீரில் அது இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஜெயக்கொடியின் கண் அதன் மேல் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு அசைந்தது. அவன் குனிந்தான்.

“நல்லாருக்கு.”

“நல்லாருக்குல்ல? ஒனக்குன்னே சொல்லி வச்சிருந்தாரு பாயி.”

“தண்ணி... மஞ்சளாயிருச்சா?”

காசிமாயனுக்குப் பொய் வரவில்லை. “கிட்டத்தட்ட,” என்றான்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “அதுல விட்டுராதீக. கொண்டு போய்க் குடுத்துருங்க.”

“சரி.”

“இப்பவே.”

“போறேன், போறேன்.”

போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். இடது கையில் அவள் கை, வலது கையில் பை. போனால் திரும்பி வருவதற்குள் என்னாகுமோ. போகாவிட்டால் அவள் கேட்ட கடைசிக் காரியத்தையும் செய்யாதவனாகிவிடுவான். தொட்டியில் விட்டால் மீன் சாகும், பையிலேயே வைத்திருந்தாலும் சாயங்காலத்துக்கு மேல் தாங்காது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், இந்த மாதிரி விஷயங்களில் அவன் கேட்கிற ஆள் அவள்தான். பை கையில் குளிர்ந்தது. மீன் கீழே போய், மேலே வந்து, துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றது. அதன் செவுள் திறந்து மூடுவதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கப்பொண்ணு பால் டம்ளரோடு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது.

“அக்கா! ஏ அக்கா!”

எந்த மூச்சில் போனாள் என்று காசிமாயனுக்குத் தெரியவில்லை. கை அவன் கைக்குள்ளேயேதான் இருந்தது. அவன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அக்கம்பக்கம் கூடிவிட்டது. யாரோ ஜெயக்கொடியின் கண்ணை மூடினார்கள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். காசிமாயனைத் தோளைப் பிடித்து எழுப்பினார்கள். அவன் கையில் மீன் பையோடு கூடத்தின் நடுவில் நின்றான். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். அழ வந்த பெண்களில் ஒருத்தி அழுகையை நிறுத்தி ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு மறுபடி அழுதாள். கட்டிலைத் தூக்கிவிட்டுப் பெஞ்சு போட்டு, தெற்கே தலை வைத்து அவளைக் கிடத்தினார்கள். லாரி டியூப் இடைஞ்சலாக இருக்கிறதென்று வாசலில் உருட்டிப் போட்டார்கள். வந்தவர்களில் இரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சீனி பாய் வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு டீச்சரின் காலடியில் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். நிமிர்ந்தபோது ஜன்னலில் பையைப் பார்த்தார். காசிமாயன் தூரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாமன் மச்சான்மார்கள் தேர் கட்டுவதைப் பற்றி அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் எழுந்து போய் மீனைப் பற்றிப் பேச முடியாது. கையை லேசாக அசைத்தான். கொண்டுபோங்கள் என்பது மாதிரி. பாய்க்குப் புரிந்தது. பையை அவிழ்த்து, தோள் துண்டுக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கூட்டத்தின் ஓரமாக வெளியேறினார்.

எழுமலைச் சனம் வந்து சேர இருட்டிவிட்டது. அவர்கள் வேன் வழியில் நின்றுபோய்விட்டதாம். மறுநாள் காலையில்தான் எடுப்பதென்று முடிவானது.

காலையில் பிறந்த வீட்டுக் கோடி போட்டார்கள். பெண்கள் வட்டமாக நின்று மாரடித்தார்கள். நீர்மாலைக்குப் போய் வந்து, குளிப்பாட்டி, பூப்போட்டார்கள். காசிமாயனை ஈர வேட்டியோடு தலைமாட்டில் நிறுத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கரண்ட் போய்விட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் தொட்டியில் குமிழ் நின்றுவிட்டது. தண்ணீர் அசையாமல் நின்றது. மணலுக்குள் இருப்பவை எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனசு கணக்குப் போட்டது. இந்த நேரத்தில் இப்படி நினைக்கிறோமே என்றிருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. டியூப் வாசலில் கிடந்தது. அதன்மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தங்கப்பொண்ணு அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்க்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“ம், தூக்குங்கப்பா. நேரமாகுது,” என்றது ஒரு குரல். சங்கு ஊதினார்கள். தேரை எடுத்தார்கள். கொள்ளிச் சட்டியோடு அவன் முன்னால் நடந்தான். தெருமுனை திரும்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள்.

தத்தனேரிச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, வழியில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட வந்து வாசலில் ஏறியபோது வீடு கழுவி விட்டிருந்தது. அவள் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கரண்ட் வந்திருந்தது. மின்விசிறி சுற்றியது. காத்து மிசினும் ஓடியது. அதன் குழாய் காலியான கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்து உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலையும் வாரியிருந்தார்கள். சல்லடைப் பலகையைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“வாய்யா, வெளக்கக் கும்புட்டுக்க,” என்று அவனுடைய பெரியம்மா முனியாயி எழுந்து வந்தாள். அந்த வயசிலும் அவள்தான் நின்று எல்லாம் பார்த்திருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். கை விரலெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. “எல்லாத் தண்ணியும் கவுத்தாச்சுய்யா. கொடம், தவல, அண்டா, அந்தக் கண்ணாடித் தொட்டி, ஒண்ணு விடல. சாவு விழுந்த வீட்டுல பழைய தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அது என்ன மணலோ, கனமான கனம். நாலு பேரு சேந்து வாருனோம். மெனக்கெட்டுக் கழுவியாச்சு. நீ அதப் பத்தி நெனைக்காத.”

அவள் பின்னால் தங்கப்பொண்ணு நின்றிருந்தாள். கையில் விளக்குமாறு. “நான் சொன்னேன் மச்சான்,” என்று ஆரம்பித்தாள். “அத மட்டும் விட்டுருங்கன்னு சொன்னேன். யாரும்...”

“சரிதான் பெரியம்மா,” என்றான் காசிமாயன். “செய்ய வேண்டியதத்தான செஞ்சிருக்கீக.”

விளக்கைக் கும்பிட்டான். போய் மிசினின் சுவிட்சை அணைத்தான்.

மணலைக் குழாயடியில் குவித்து வைத்திருந்தார்கள். கால் கழுவப் போனவன் அதன் பக்கத்தில் குந்தினான். ஒரு பிடி அள்ளி முகர்ந்தான். இறால் நாற்றம் துளிகூட இல்லை. மழை பெய்த மண்ணின் வாசனைபோல ஒன்று இருந்தது. அது பழுத்த வாசனையா, செத்த வாசனையா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை உதறிவிட்டு எழுந்தான்.

மறுநாள் தத்தனேரிக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். எழுமலைச் சனம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியது. தங்கப்பொண்ணு காரியம் முடியும்வரை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். சீனி பாய் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, பெஞ்சில் காசிமாயனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். மீன் என்னாயிற்று என்று காசிமாயன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போகும்போது அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறியது. கொட்டிய கடல் தண்ணீரெல்லாம் காய்ந்து, வாசலின் சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளை பூத்திருந்தது. திட்டுத் திட்டாக, ஓரங்களில் கோடு கோடாக. காலையில் தங்கப்பொண்ணு இரண்டு தடவை கூட்டியும் அது போகவில்லை. காசிமாயன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு வெள்ளாடு வந்து தரையை முகர்ந்தது. நாக்கை நீட்டி ஒருதரம் நக்கிப் பார்த்தது. பிறகு முன்னங்காலை அகட்டி நின்று நக்க ஆரம்பித்தது. சந்துக்குள்ளிருந்து அதன் குட்டியும் வந்து சேர்ந்துகொண்டது.

“ஏய், சூ! போ அங்கிட்டு!” தங்கப்பொண்ணு விளக்குமாற்றோடு உள்ளேயிருந்து வந்தாள்.

“விடு தங்கம்,” என்றான் அவன்.

அவள் நின்றாள். ஆடு தலையைத் தூக்கவில்லை. தாயும் குட்டியும் தரையில் ஓரம் ஓரமாக நகர்ந்து நக்கிக்கொண்டே இருந்தன.